வட்டத்துள் அடங்கிய புலி

கராத்தே பயிலும் மாணவர் பலருடைய வெண்ணிற உடையில், மார்பின் இடப்புறத்தே ஒரு வட்டமும் அதனுள் உடல் வளைந்து நிற்கும் புலியொன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைக் காண்போர், அப்புலி சீற்றத்தின் சின்னமென்றும், பகைவனைப் பாய்ந்து வீழ்த்துவதே அக்கலையின் நோக்கமென்றும் எண்ணுதல் இயல்பே. ஆயினும், அவ்விலச்சினை பிறந்த வரலாற்றை அறிந்தோர்க்கு அது வேறொரு பொருளை உணர்த்தும்.

இது சோட்டோகான் என்னும் கராத்தே மரபுக்கு உரிய இலச்சினை. அம்மரபின் முதல்வர் புனாக்கோசி கிச்சின் என்பவர். இன்று யப்பானின் பகுதியாகவுள்ள ஒக்கினாவாத் தீவின் சூரி நகரிலே 1868ஆம் ஆண்டு பிறந்த அவர், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பாடசாலை ஆசிரியராகப் பணிபுரிந்தார். போர்க்கலையிற் போலவே கவிதையிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. சூரிக்கு அருகே பைன் மரங்கள் அடர்ந்த தோராவோ என்னும் மலை உண்டு. ‘புலியின் வால்’ என்பது அப்பெயரின் பொருள். அங்கே தனித்து உலாவும்போது, மரங்களினூடே காற்றுப் புகுந்து எழுப்பும் ஒலி அவருக்கு அலையோசைபோற் கேட்டது. ஆதலின், ‘பைன் அலைகள்’ எனப் பொருள்படும் ‘சோட்டோ’ என்பதைத் தம் புனைபெயராகக் கொண்டார். 1930களில் மாணவர்கள் பொருள் திரட்டி டோக்கியோவில் அவருக்கெனப் பயிற்சி மண்டபம் ஒன்றை அமைத்தபோது, அதற்குச் ‘சோட்டோகான்’, அதாவது சோட்டோவின் மண்டபம், எனப் பெயரிட்டனர். எனவே, இம்மரபின் பெயர் போர்க்களத்திலிருந்து வந்ததன்று. ஒரு கவிஞரின் கையொப்பத்திலிருந்து வந்தது.

புலியின் வரலாறும் அத்தகையதே. 1922ஆம் ஆண்டு புனாக்கோசி டோக்கியோவுக்குச் சென்று தம் கலையைச் செய்து காட்டினார். அக்கலையை நூலாக எழுதும்படி அவரைத் தூண்டியவர்களுள் ஒருவர் கோசுகி ஹோவான் என்னும் ஓவியர். 1935ஆம் ஆண்டு வெளிவந்த ‘கராத்தே-தோ கியோகான்’ என்னும் நூலுக்கு அவர் வரைந்தளித்த ஓவியமே இப்புலி. யப்பானிய மொழியில் ஒரு கலையின் மூலநூலைத் ‘தோரா நோ மாக்கி’, அதாவது ‘புலிச்சுருள்’, என்பர். பண்டைச் சீனப் போர்நூலொன்றின் ஆறு பகுதிகளுள் ஒன்று புலியின் பெயரைத் தாங்கியமையே இவ்வழக்குக்கு அடிப்படை என்பர். கராத்தேக்கு ஒரு மூலநூல் கிடைத்தது என்பதையே ஓவியர் புலியுருவாற் குறிப்பித்தார். ஆகவே, மாணவன் மார்பில் அணிவது கொடுவிலங்கின் அடையாளமன்று, கல்வியின் அடையாளமே.

புலியைச் சூழ்ந்த வட்டமும் சிந்திக்கத்தக்கது. வலிமை மிக்க விலங்கு எல்லைக்குள் விழிப்போடு அடங்கி நிற்கின்றது. புனாக்கோசியின் கொள்கையும் அதுவே. ‘கரா’ என்னும் சொல் முன்னர்ச் சீனத்தைக் குறிக்கும் எழுத்தால் எழுதப்பட்டது. அதே ஒலியுடைய, ‘வெறுமை’ எனப் பொருள்படும் எழுத்தை வழங்கவேண்டுமென அவர் வற்புறுத்தினார். 1936ஆம் ஆண்டு நாகா நகரிற் கூடிய ஒக்கினாவா ஆசிரியர்களும் அவ்வெழுத்தை ஏற்றனர். பௌத்தர் சூனியம் என்று கூறும் தத்துவத்தைக் குறிப்பதும் அவ்வெழுத்தே. கையில் ஆயுதமின்மை மட்டும் போதாது, நெஞ்சில் அகந்தையும் தீய எண்ணமும் இருத்தலாகாது என்பது அதன் கருத்து. கராத்தேயில் முதல் தாக்குதல் இல்லை என்பதும் அவர் போதித்த நெறி. தொடக்க மாணவர் பயிலும் ‘ஹெய்யான்’ வரிசைகள் ஐந்தும் தற்காப்பு அசைவுடனேயே தொடங்குகின்றன. அப்பெயரின் பொருளும் அமைதி என்பதே.

1945ஆம் ஆண்டு விமானக் குண்டுவீச்சில் அம்மண்டபம் அழிந்தது. 1957ஆம் ஆண்டு புனாக்கோசியும் மறைந்தார். கட்டடம் அழிந்தபோதிலும், ஏட்டில் வரைந்த புலி அழியவில்லை. பல நாடுகளிலுள்ள சங்கங்கள் அதனை இன்றும் அணிகின்றன. காமகூரா நகரின் எங்காக்கு விகாரையில் 1968ஆம் ஆண்டு அவருக்கு எழுப்பப்பட்ட நினைவுக்கல், முதல் தாக்குதலை மறுக்கும் அந்நெறியைத் தாங்கி நிற்கின்றது. அந்நெறியை மறந்தவன் மார்பில் அப்புலி வெறும் விலங்கு. அதனைப் போற்றுபவன் மார்பிலோ, அது கற்றடங்கிய வலிமையின் வடிவம்.