தீபாவளி டென்ஷன் தலைக்கு ஏறுதா? காசு செலவில்லாத மருந்து சிரிப்பு!

திருப்பூர்,

தீபாவளி நெருங்கி விட்டால் திருப்பூர் பனியன் கம்பெனி தொழிலாளர்களுக்கு தூக்கம் பாதியாக குறைந்து விடும். ஆர்டரை முடித்துக் கொடுக்க ஒன்றரை ஷிப்டு, போனஸ் எவ்வளவு வரும் என்ற கவலை, பிள்ளைகளுக்கு துணிமணி, பட்டாசு, பலகாரம், ஊருக்கு போக பஸ்சில் இடம் கிடைக்குமா என்ற தவிப்பு என எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் வந்து உட்கார்ந்து கொள்ளும்.

விளைவு? பல வீடுகளில் பண்டிகைக்கு முந்தின நாள்தான் பெரிய சண்டை நடக்கிறது. "உங்க அம்மாவுக்கு மட்டும் நல்ல சேலையா?" என்று ஆரம்பிக்கும் பேச்சு தட்டு பறக்கும் அளவுக்கு போய்விடுகிறது. சிலர் பாட்டிலை தேடிப் போகிறார்கள். போனஸ் பணம் அங்கேயே கரைந்து விடுகிறது.

இந்த டென்ஷனை குறைக்க பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு. அதுதான் வாய்விட்டு சிரிப்பது.

உடம்பில் என்ன நடக்கிறது?

கவலையும் கோபமும் வரும்போது உடம்பில் 'கார்டிசோல்' என்ற சுரப்பு அதிகமாகிறது. மூச்சு மேலோட்டமாக வரும். கழுத்தும் தோளும் இறுகும். சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும்.

வயிறு குலுங்க சிரிக்கும்போது உள்ளே தங்கிய காற்று வெளியேறி, புது காற்று உள்ளே போகிறது. இதய துடிப்பு முதலில் கூடி, பிறகு இறங்குகிறது. இறுகிய தசைகள் தளர்கின்றன.

1989-ல் அமெரிக்காவில் லீ பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் 10 ஆண்களை வைத்து சோதனை செய்தார். அதில் 5 பேர் ஒரு மணி நேரம் காமெடி வீடியோ பார்த்தனர். அவர்களுக்கு கார்டிசோல் வேகமாக குறைந்தது. இது சின்ன சோதனைதான். ஆனால் 2023-ல் இதுபோன்ற 8 ஆய்வுகளை சேர்த்து கணக்கு போட்டபோதும், சிரித்தவர்களுக்கு கார்டிசோல் சுமார் 32 சதவீதம் குறைந்தது தெரியவந்தது.

ஜோக் தேவை இல்லை

"சிரிக்கிற நிலைமையிலா இருக்கோம்?" என்று கேட்கலாம். அதற்கும் பதில் உண்டு.

மும்பையை சேர்ந்த டாக்டர் மதன் கட்டாரியா 1995 மார்ச் 13-ந்தேதி ஒரு பூங்காவில் 5 பேருடன் சிரிப்பு கிளப் ஆரம்பித்தார். தினமும் ஜோக் சொல்லி சிரித்தனர். சுமார் 2 வாரத்தில் நல்ல ஜோக் எல்லாம் தீர்ந்து போனது. ஆபாச ஜோக்கும், அடுத்தவர் மனதை புண்படுத்தும் ஜோக்கும் வர ஆரம்பித்தன.

அதனால் ஜோக்கையே விட்டுவிட்டு, சிரிப்பை உடற்பயிற்சியாக மாற்றினார். முதலில் வேண்டுமென்றே சிரிப்பது. எதிரில் இருப்பவர் முகத்தை பார்த்ததும் நிஜ சிரிப்பு தானாக வந்துவிடும். 'சிரிப்பு யோகா' இப்படித்தான் பல நாடுகளுக்கு பரவியது. மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை உலக சிரிப்பு தினமாகவும் கொண்டாடப்படுகிறது.

எப்படி செய்வது?

டீ டைமில் 4 பேர் சேர்ந்தால் போதும். தனியாக இருப்பதைவிட கூட்டத்தில் சிரிப்பு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

* உள்ளங்கை முழுசாக படும்படி கைதட்டிக் கொண்டே "ஹோ ஹோ... ஹா ஹா ஹா" என்று சொல்லுங்க.

* மூச்சை நன்றாக இழுத்து, கையை மேலே தூக்கி, ஒருவரை ஒருவர் பார்த்து சிரிங்க.

* இடையிடையே ஆழமாக மூச்சு விடுங்க. 10 நிமிடம் போதும்.

வீட்டில் என்றால் முறுக்கு சுடும்போது பிள்ளைகளை பக்கத்தில் உட்கார வைத்து பழைய கதை பேசினாலே போதும். ஷிப்டு முடிந்து போனதும் கணக்கு வழக்கை எடுக்காமல், முதல் 10 நிமிடம் பிள்ளைகளோடு சிரித்து பேசுங்க. கடன் பேச்சு சாப்பிட்ட பிறகு இருக்கட்டும்.

அடுத்தவரை பார்த்து அல்ல

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. ஒருத்தர் துணியை, சம்பளத்தை, நிறத்தை கேலி செய்து சிரித்தால் டென்ஷன் குறையாது. உங்க டென்ஷன் அவர் தலைக்கு போய்விடும். விருந்துக்கு வந்த மாப்பிள்ளையிடம் "போனஸ் அவ்வளவுதானா?" என்று கேட்டு சிரிப்பதும் இதில் சேர்த்திதான்.

குடல் இறக்கம், இதய கோளாறு இருப்பவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரை கேட்காமல் சிரிப்பு பயிற்சி செய்யக்கூடாது.

சிரிப்பே வரவில்லையா?

சிரிப்பால் வட்டி குறையாது, கடன் தீராது. ஆனால் கோபத்தில் கை ஓங்காமல், நிதானமாக உட்கார்ந்து கணக்கு பார்க்க மனசு வரும்.

2 வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது பண்டிகை டென்ஷன் மட்டும் அல்ல. 2 வாரம் ஆகட்டும் என்று காத்திருக்காமல், அப்படி எண்ணம் வந்த உடனே மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416, தமிழக அரசின் 104 ஆகியவற்றில் ஒன்றுக்கு போன் செய்யலாம். கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம்.

புது துணி அடுத்த வருஷமும் எடுக்கலாம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் தீபாவளியை இந்த வருஷமே கொண்டாடுங்க.