ஃபீட்பேக் படிவம் புகார் மனு ஆகாது

செமஸ்டர் முடிகிற வாரத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு இணைப்பு வந்து விழும். ‘இன்று மாலைக்குள் எல்லாரும் நிரப்பிவிடுங்கள்’ என்று கூடவே ஒரு வரி. நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. அப்படிக் கட்டாயப்படுத்தும்போது மாணவர் எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து தட்டிவிட்டுப் போவதில் என்ன வியப்பு? இன்னொரு வகை மாணவர் உண்டு. மூன்று மாதக் கோபத்தையும் கடைசிப் பெட்டியில் கொட்டிவிட்டு, நடவடிக்கை வரும் என்று காத்திருப்பவர். கவலைப்பட வேண்டியது இவரைப் பற்றித்தான். அந்தப் பெட்டியில் எழுதியதற்குப் பதில் தர வேண்டும் என்ற கெடு யாருக்கும் இல்லை.

படிவம் எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பு 2017இல் கொண்டுவந்த தர மதிப்பீட்டு முறையில் மாணவர் கருத்துக்கு இரண்டு இடங்கள் இருந்தன. கல்லூரியே கருத்துக் கேட்டு, அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் பதிவு செய்வது ஒன்று. நாக்கே மாணவர்களின் மின்னஞ்சலுக்கு நேரடியாகக் கேள்விகள் அனுப்புவது மற்றொன்று. நடவடிக்கை அறிக்கையைப் பல கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் உள்தர உறுதிக் குழுவின் (ஐக்யூஏசி) பக்கத்தில் வைத்திருக்கின்றன. ஒருமுறை திறந்து பாருங்கள். அரசுக் கல்லூரி என்றால், அறிக்கை அங்கே இல்லாவிட்டாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம்.

அடுத்து, பெயர் தெரியுமா என்ற பயம். கூகுள் படிவத்தைத் திறந்ததும் மேலே உங்கள் மின்னஞ்சல் முகவரி தெரியும். பதறிவிடாமல் அதன் அருகே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘நாட் ஷேர்டு’ என்றிருந்தால் படிவம் வைத்தவருக்கு முகவரி போகாது. ஒருவர் ஒருமுறைதான் நிரப்பலாம் என்பதற்காக லாகின் கேட்டாலும் அப்படித்தான். மாறாக, மின்னஞ்சலைப் பதிவு செய்ய ஒப்புதல் கேட்கும் கட்டம் இருந்தால் முகவரி போகிறது என்று பொருள். மின்னஞ்சல் போகாவிட்டாலும் ஆபத்து முழுதாகத் தீர்ந்துவிடாது. பன்னிரண்டு பேர் படிக்கும் வகுப்பில் பாலினம், ஊர், முந்தைய செமஸ்டர் மதிப்பெண் என்று மூன்று கட்டம் நிரப்பச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம். தேவையில்லாத கட்டங்கள் எதற்கு என்று கேளுங்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வரும்போது, தரவை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறும் பொறுப்பு கல்விக்கூடங்களையும் தொடும்.

ஆன்லைன் வகுப்புக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஆசிரியர் எதிரே இருப்பவை கேமரா அணைத்த கறுப்புப் பெட்டிகள். யாருக்குப் புரியவில்லை என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. சலித்துப்போய் ஐந்தாம் வாரத்தில் விலகியவர் கடைசி வாரப் படிவத்தை நிரப்பப்போவதும் இல்லை. தாக்குப்பிடித்தவர்களின் திருப்தியை மட்டும் அளந்துவிட்டு, பாடம் நன்றாக நடந்தது என்கிறோம். மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே கேட்டால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். கேள்வியும் மாணவருக்குப் பதில் தெரிந்ததாக இருக்க வேண்டும். ‘ஆசிரியர் பாடத்தில் புலமை உள்ளவரா?’ என்றால் முதலாமாண்டு மாணவர் என்ன சொல்வார்? ‘வீடியோ உங்கள் மொபைல் டேட்டாவில் தடையில்லாமல் ஓடுகிறதா? அசைன்மென்ட் எத்தனை நாளில் திருத்தி வந்தது?’ என்றால் சொல்வார். வந்த பதிலில் எதை மாற்றினோம், எதை மாற்ற முடியாது என்று அடுத்த வகுப்பில் ஆசிரியர் இரண்டு நிமிடம் பேசினால், அடுத்த முறை யாரும் ஐந்துக்கு ஐந்து தட்டமாட்டார்கள்.

ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. ஒரு ஆன்லைன் பாடத்தில் உதவி ஆசிரியர் இருவர். ஒருவர் ஆண், ஒருவர் பெண். இருவரும் ஆண் பெயரில் ஒரு குழுவுக்கும் பெண் பெயரில் இன்னொரு குழுவுக்கும் கற்பித்தார்கள். உண்மையில் நடத்தியவர் யாராக இருந்தாலும் ஆண் பெயருக்கே மதிப்பெண் கூடுதலாக விழுந்தது. மாணவர் எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் முகம் தெரியாத வகுப்பில் பெயரே இவ்வளவு வேலை செய்கிறது. கனடாவின் டொராண்டோவில், அப்போது ரயர்சன் எனப்பட்ட பல்கலைக்கழகத்தில், மாணவர் தரும் மதிப்பெண்ணைக் கொண்டு பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்கக் கூடாது என்று 2018இல் நடுவர் தீர்ப்பே வந்தது. நம் ஊரில் ஒப்பந்தத்தில் இருக்கும் உதவிப் பேராசிரியரின் வேலை ஒரு சராசரி எண்ணில் தொங்கலாமா? கூடவே கூடாது என்பேன்.

சரி, படிவத்தில் எழுத வேண்டிய கருத்து எது, தனியாகத் தர வேண்டிய புகார் எது? கேட்பொலி உங்கள் மொபைலில் கரகரக்கிறது, பாடம் வேகமாகப் போகிறது என்பதெல்லாம் கருத்து. தகவல் கையேட்டில் சொன்ன வசதி கிடைக்கவில்லை, மதிப்பெண் போட்டதில் நியாயமில்லை, தேர்வு முடிவு தாமதமாகிறது, கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை என்பவை புகார். இவற்றுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும்; அதில் மாணவர் பிரதிநிதி ஒருவர் சிறப்பு அழைப்பாளர். புகார் வந்து, இயன்றவரை 15 வேலை நாளுக்குள் குழு தன் பரிந்துரையை அனுப்ப வேண்டும். அதன் நகல் உங்களுக்கும் வர வேண்டும். முடிவில் நிறைவில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியான ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 நாள். கல்லூரி அசையவே இல்லை என்றால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் பதியலாம்.

புகாரில் தேதி, பாடக் குறியீடு, நடந்தது, கேட்கும் தீர்வு ஆகியவை இருக்கட்டும். வகுப்பு நடக்காத நாளின் ஸ்கிரீன்ஷாட், ஆசிரியருக்கு அனுப்பிய அஞ்சல், கட்டண ரசீது எல்லாவற்றையும் இணைத்து, பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 15 வேலை நாள் என்ற கணக்கை புகார் பெறப்பட்ட தேதியிலிருந்துதான் எண்ண முடியும். பொய்ப் புகார் என்று தெரிந்தால் புகார் தந்தவர்மீது நடவடிக்கை எடுக்க ஆம்பட்ஸ்பர்சன் பரிந்துரைக்கவும் விதியில் இடமுண்டு. ஆகவே கோபத்தில் தோன்றிய அடைமொழிகளை அடித்துவிட்டு அனுப்புங்கள்.