நீரும் நஞ்சும் – 7: மீன் சொன்ன சாட்சியம்

ஈயம், ஆர்சனிக் முதலிய நஞ்சுகளை நீரில் அளந்தறியும் முறைகளைச் சென்ற இதழ்களில் விஸ்தாரமாகப் பார்த்தோம். அங்கெல்லாம் தேட வேண்டிய பொருள் இன்னதென்று பரிசோதகருக்கு முன்கூட்டியே தெரியும். அது எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்றே கேள்வி. ஆனால், தேகத்தின் சுரப்பிகளிலிருந்து பிறக்கும் ஹார்மோன்களின் வேஷத்தைப் பூண்டு, உயிரணுக்களுக்குள் நுழைந்து, அங்கே பொய்க் கட்டளைகளைப் பிறப்பிக்கும் மாசுப் பொருள்களின் விஷயத்தில் அந்தச் சௌகரியம் நமக்கு இல்லை. அவை ஒன்றல்ல, பல; ஒன்றுக்கொன்று உருவில் சற்றும் ஒவ்வாதவை; லிட்டருக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதாவது ஒரு நானோகிராம் இருந்தாலும், அவற்றுள் சில தம் வேலையைச் செய்துவிடும்.

இந்த உண்மை முதலில் வெளிப்பட்டது ஆய்வுக்கூடத்தில் அன்று, ஆற்றங்கரையில். 1970களின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் லீ நதியில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் வந்து கலக்கும் இடங்களுக்கருகே பிடிபட்ட ரோச் என்னும் மீன்களுள் சில, ஆண், பெண் இரண்டின் உறுப்புகளையும் ஒரே உடலில் கொண்டிருந்தன. நீரில் ஏதோ ஒரு பொருள் பெண்மையின் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனைப் போல இயங்குகிறது என்ற சந்தேகம் எழுந்தது. எழுந்தும் என்ன பயன்? எந்தப் பொருள் என்று தெரியாமல் எதை அளப்பது?

இவ்விடத்தில்தான் பிரூனல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சம்ப்டரும் அவருடன் உழைத்தவர்களும் கேள்வியையே மாற்றினார்கள். நீரில் என்ன இருக்கிறது என்று வினவுவதை ஒத்திவைத்து, நீர் என்ன செய்கிறது என்று வினவினார்கள். முட்டையின் மஞ்சள் கருவுக்கு மூலப்பொருளான வைட்டெல்லோஜெனின் என்னும் புரதத்தைப் பெண் மீனின் கல்லீரல், ஈஸ்ட்ரோஜனின் ஆணையால் உற்பத்தி செய்கிறது. அதை உண்டாக்கும் மரபணு ஆண் மீனிடமும் உண்டு. ஆணையிடும் ஹார்மோன் போதாமையால் அது ஆயுள் முழுவதும் உறங்கிக் கிடக்கிறது. ஆகவே ஆணின் ரத்தத்தில் இப்புரதம் மிகுந்து காணப்பட்டால், வெளியிலிருந்து யாரோ ஆணையிட்டிருக்கிறார்கள் என்பது பிரத்தியட்சம். சுத்திகரிப்பு நிலையங்களின் வடிகால்களில் ட்ரௌட் மீன்களைக் கூண்டிலிட்டு இறக்கி, சில வாரங்களுக்குள் எடுத்து ரத்தத்தைச் சோதித்தபோது, அப்புரதம் இடத்துக்கு இடம் 500 மடங்கு முதல் 1,00,000 மடங்கு வரை பெருகியிருந்தது. 1994இல் வெளியான அந்த முடிவு, தெளிந்து ஓடும் நீரெல்லாம் தூய நீர் என்ற நம்பிக்கையை அடியோடு அசைத்துவிட்டது.

ஆயினும் ஒவ்வொரு வாய்க்காலிலும் மீன் கூண்டு இறக்கிக்கொண்டிருப்பது சாத்தியமா? 1996இல் எட்வின் ரௌட்லெட்ஜும் சம்ப்டரும் ஓர் எளிய முறையை விவரித்தார்கள். ரொட்டி மாவைப் பொங்கச் செய்கிறதே, அந்த ஈஸ்ட்டுக்குள் மனிதரின் உயிரணுவில் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு புகுத்தப்பட்டு, அந்த ஏற்பி தூண்டப்பட்டால் ஒரு நொதி சுரக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. சிறு சிறு குழிகள் கொண்ட தட்டில் ஈஸ்ட்டையும் மஞ்சள் நிறச் சாயம் கலந்த ஊட்டத்தையும் இட்டு, அதனுடன் நீரின் சாரத்தைச் சேர்த்து, மிதமான சூட்டில் சில நாட்கள் வைத்திருந்தால், ஈஸ்ட்ரோஜன் குணமுள்ள குழிகளில் அந்த நொதியால் மஞ்சள் படிப்படியாகச் சிவப்பாக மாறுகிறது. அந்தச் சிவப்பின் ஆழத்தைக் கருவியால் அளந்துவிடலாம். பொருளின் பெயர் தெரியாமலே அதன் வலிமையை அறிந்துகொள்ளும் இந்த உபாயத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்; பெயர் தெரிந்தவற்றை மட்டுமே தேடும் சோதனை, பெயர் தெரியாதவற்றுக்கெல்லாம் நற்சான்று வழங்கிவிடுகிறதல்லவா?

பின்னர் கழிவுநீரின் சாரத்தைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் ஈஸ்ட்டிடம் காட்டி, சிவந்த கூறை மட்டும் நிறமாலைமானியால் ஆராய்ந்தார்கள். ஆலைக் கழிவையே குற்றவாளியாக எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. வீட்டுக் கழிவுநீரில் அகப்பட்டவை, மனித உடலே கழிக்கும் ஈஸ்ட்ரடையால், ஈஸ்ட்ரோன் என்பவையும், கருத்தடை மாத்திரையிலுள்ள எதினைல் ஈஸ்ட்ரடையாலும்தாம். உடல் இவற்றைச் செயலற்றவையாகக் கட்டித்தான் வெளியேற்றுகிறது. கழிவிலுள்ள பாக்டீரியாக்கள் அக்கட்டை அவிழ்த்து மீண்டும் உயிர்ப்பித்துவிடுகின்றன. யார்க்ஷயரில் கம்பளித் தொழிலின் கழிவு சேர்ந்த ஏர் நதியிலோ, சலவைச் சேர்மங்கள் சிதைந்து பிறக்கும் நோனைல்பீனால் முக்கியக் காரணமாயிருந்தது.

இந்தச் சோதனைகளுக்கு மாதிரி எடுப்பதில் கண்டிப்பு மிக அவசியம். பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் வளர்த்த மார்பகப் புற்றணுக்கள், ஹார்மோன் ஒன்றும் சேர்க்காமலே பெருகத் தொடங்கின. பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த நோனைல்பீனாலே காரணம் என்று அவர்கள் 1991இல் அறிவித்தார்கள். அதனால் மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுப்பதும், தூய நீரையே மாதிரிபோல எல்லாப் படிகளிலும் செலுத்திப் பார்ப்பதும் இன்றியமையாத நியதிகள்.

ஈஸ்ட்டின் சாட்சியமும் பூரணமானதன்று. ஆண்மை ஹார்மோனைத் தடுக்கும் பொருள்கள் அதன் கண்ணில் படா. அவற்றுக்கு வேறு ஏற்பி பொருத்திய அணுக்கள் தேவை. ஆனால் ரசாயன அளவீட்டின் நிலை இன்னும் கடினம். எதினைல் ஈஸ்ட்ரடையாலுக்கு ஐரோப்பாவில் 2012இல் முன்மொழியப்பட்ட எல்லை லிட்டருக்கு 0.035 நானோகிராம்; அவ்வளவு நுண்ணிய அளவை எட்டிப்பிடிக்க ஆய்வுக்கூடங்கள் திணறுகின்றன. உயிரணுச் சோதனையை முதலில் நடத்தி, அது எச்சரிக்கும் நீரை மட்டும் பெருங்கருவிகளிடம் அனுப்புவதே தக்க முறை என்பது என் உறுதியான கருத்து.

மீனின் ரத்தத்தில் ஒரு புரதம் ஏறியதனால் மீனினமே குறைந்துவிடுமா என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கு விடை காண, கனடாவின் ஒண்டாரியோவில் ஓர் ஏரி முழுவதிலும் எதினைல் ஈஸ்ட்ரடையாலைக் கலந்து பார்த்தார்கள். அந்த ஏரியின் வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.