பந்தயப் பாதையில் வென்ற பட்டறை அறிவு

இரண்டாம் உலக மகாயுத்தத்தை அடுத்து வந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் காரோட்டப் பந்தயம் இரு வேறு உலகங்களாகப் பிளவுண்டு கிடந்தது. ஐரோப்பாவிலிருந்து தருவிக்கப்பட்ட விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களை வளைந்து செல்லும் வீதிகளில் செல்வந்தர்கள் ஓட்டியது ஓர் உலகம். பழைய போர்ட் கார்களைக் கழற்றிப் பூட்டி, வேகம் ஒன்றையே குறியாகக் கொண்டிருந்த சாதாரண குடும்பத்து இளைஞர்களுடையது மற்றைய உலகம். 'ஹொட் ரொட்' எனப்பட்ட அக்கார்களை முதலாவது உலகம் பெரிதாக மதிக்கவில்லை. ஆயினும் இருபது ஆண்டுகள் கழிவதற்குள், ஐரோப்பாவின் மிகப் பெரிய பந்தயங்களில் அமெரிக்காவுக்கு வெற்றி தேடித் தந்தவர்களில் பலர் அந்த இரண்டாவது உலகத்திலிருந்தே வந்திருந்தனர். இது எவ்வாறு நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது.

ஹொட் ரொட் இளைஞர்களின் பள்ளிக்கூடம் தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளாகும். மியுரொக், எல் மிராஜ் போன்ற இடங்களில் பல மைல் தூரத்துக்குத் தட்டையாகக் கிடந்த கெட்டியான களிமண் தரை, வேகத்தை அளந்து பார்க்க வாய்ப்பாக அமைந்தது. 1937ஆம் ஆண்டில் கழகங்கள் ஒன்றிணைந்து தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின. பாதுகாப்பு விதிகளும் வகுப்புப் பிரிவுகளும் வந்தன. பொது வீதிகளில் உயிரைப் பணயம் வைத்து ஓடிய இளைஞர்களுக்கு ஒழுங்கான களமொன்று கிடைத்தது.

1932ஆம் ஆண்டில் போர்ட் நிறுவனம் சந்தைக்கு விட்ட எட்டு சிலிண்டர் எஞ்சின் அவர்களுக்குப் பெரு வரப்பிரசாதமாயிற்று. அதன் வலு 65 குதிரைவலு மாத்திரமே. ஆனால், சிலிண்டர் தலையைச் சீவி அமுக்கத்தைக் கூட்டியும், காபுரேட்டர்களை அதிகரித்தும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்டின் வடிவத்தை மாற்றியும் அவ்வலுவைப் பெருக்க முடியும் என்பதை அவர்கள் கண்டறிந்தனர். மட்காட்டும் கூரையும் கழற்றப்பட்டு எடை குறைக்கப்பட்டது. யுத்தத்தில் விமானங்களைப் பழுது பார்த்துப் பழகிய பலர் வீடு திரும்பியபோது இவ்வறிவு மேலும் ஆழமானது. விமானங்களின் மேலதிக எரிபொருள் தாங்கிகளைக்கூட அவர்கள் காரின் உடலாக மாற்றினர்.

எனினும் இவ்வறிவில் பாரிய குறைபாடொன்று இருந்தது. ஏரிப்படுகையில் கார் நேர்கோட்டில் ஓடியது. பின்னர் தன்பாட்டில் வேகம் குறைய வேண்டிய வெளி இருந்தது. எனவே வலுவான பிரேக்கோ, வளைவில் நிலைகுலையாத சட்டகமோ அங்கு இன்றியமையாதவையாக இருக்கவில்லை. வீதிப் பந்தயத்தில் நிலைமை தலைகீழானது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் அழுத்தப்படுகிறது, வெப்பம் ஏறுகிறது, உராய்வு குறைந்து பிரேக் செயலிழக்கிறது. முன்புறத்தில் கனத்த எஞ்சினைச் சுமந்த கார் வளைவில் திரும்ப மறுக்கிறது. வேகமாக ஓடத் தெரிந்தவர்கள், நிற்கவும் திரும்பவும் கற்க வேண்டியிருந்தது.

அப்பாடத்தின் விலை சிறிதன்று. 1930களின் பிற்பகுதியில் ஏரிப்படுகைகளில் பெயர் பெற்ற ஏர்னி மக்கபி, யுத்தத்தின் பின்னர் பெராரி காரோட்டியாக உயர்ந்தார். 1956 ஏப்ரலில், மரங்கள் அடர்ந்த பெபிள் பீச் வீதிப் பந்தயத்தில் அவரது கார் மரமொன்றில் மோதியதில் அவர் உயிரிழந்தார். அத்துடன் அவ்வீதிப் பந்தயம் முடிவுக்கு வந்தது. மறுவருடம் அண்மையில் லகுனா செகா என்ற தனியான பந்தயத் தடம் திறக்கப்பட்டது.

பட்டறை அறிவுக்கும் பணத்துக்குமிடையிலான இடைவெளியும் படிப்படியாகச் சுருங்கியது. ஹொலிவூட்டில் கராஜ் நடத்திய மக்ஸ் பல்சவ்ஸ்கி, பியூக் எஞ்சினையும் பல கார்களின் உதிரிப் பாகங்களையும் இணைத்து 'ஓல்ட் யெலர்' என்னும் அவலட்சணமான மஞ்சள் நிறக் கார்களை உருவாக்கினார். அவை பெராரி, மசராட்டி கார்களுக்குச் சவாலாக நின்றன. செல்வச் சீமானான லான்ஸ் ரெவென்ட்லோ, அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரொன்றை உருவாக்க விரும்பியபோது நாடியதும் ஹொட் ரொட் பட்டறைகளில் உருவான கைகளையே. செவ்ரொலே எஞ்சின் பூட்டிய அவரது 'ஸ்கராப்' கார், 1958 ஒக்டோபரில் ரிவர்சைட் தடத்தில் நடைபெற்ற பெரும் பரிசுப் போட்டியில் வெற்றியீட்டியது. ஓட்டியவர் ஹொட் ரொட் களத்திலிருந்து வந்த சக் டேய்க். ஆனால் 1960இல் போர்மியுலா வன் பந்தயத்துக்கு ஸ்கராப் சென்றபோது, ஐரோப்பியர்கள் எஞ்சினைப் பின்புறத்துக்கு மாற்றியிருந்தனர். முன்புற எஞ்சினுடன் சென்ற ஸ்கராப் படுதோல்வி அடைந்தது. கைத்திறன் மட்டும் போதாது, காலத்தின் மாற்றத்தையும் அறிதல் வேண்டும் என்பதை அத்தோல்வி உணர்த்தியது.

ஸ்கராப் குழுவில் பணியாற்றிய பில் ரெமிங்டனும் ஏரிப்படுகைகளில் பயின்றவரே. பின்னர் அவர் கரோல் ஷெல்பியின் நிறுவனத்தில் இணைந்தார். பிரான்ஸின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் போர்ட் கார்கள் நீண்ட நேர்பாதையில் மணிக்கு 320 கிலோமீற்றர் அளவு வேகத்தை எட்டின. அவ்வேகத்திலிருந்து திரும்பத் திரும்ப பிரேக் பிடிக்கையில் பிரேக் தட்டுகள் வெப்பத்தால் வெடித்தன. அத்தட்டுகளை விரைவாகக் கழற்றி மாற்றும் முறையை வகுத்தவர் ரெமிங்டன். 1966இல் போர்ட் கார்கள் முதல் மூன்று இடங்களையும் கைப்பற்றின. ஒரு காலத்தில் எந்தப் பாடத்தில் ஹொட் ரொட்காரர் பின்தங்கியிருந்தனரோ, அதே பாடத்திலேயே அவர்களுள் ஒருவர் உலகுக்கு வழிகாட்டினார்.

பொனவில் உப்புத் தரையில் 19 வயதில் தன் கைவண்ணமான காரை மணிக்கு 138 மைல் வேகத்தில் ஓட்டிய டான் கேர்ணியின் வாழ்வும் இதற்குச் சான்று. 1967 ஜூனில் அவர் ஏ.ஜே. பொய்ட்டுடன் இணைந்து லு மானில் வென்றார். அடுத்த வாரமே, கலிபோர்னியாவில் தமது நிறுவனம் அமைத்த 'ஈகிள்' காரில் பெல்ஜிய கிராண்ட் பிரியையும் வென்றார். தாமே அமைத்த காரில் போர்மியுலா வன் பந்தயமொன்றை வென்ற ஒரே அமெரிக்கர் அவரே.

ஏட்டறிவுக்குக் கொடுக்கும் மதிப்பைக் கையறிவுக்குக் கொடுக்க சமூகங்கள் தயங்குவது வழமை. எண்ணெய் படிந்த கைகளின் அறிவும் அறிவே. அதற்குக் களமும் விதியும் வேண்டும். தன் குறையைத் தானே காணும் துணிவும் வேண்டும். கலிபோர்னியாவின் இளைஞர்களுக்கு ஏரிப்படுகை முதலிரண்டையும் வழங்கியது. மூன்றாவதை அவர்கள் வளைவுகளில் கற்றுக்கொண்டனர்.