காம்பராவைச் சூடாக்க எவ்வளவு விறகு?

ஜனவரி, பெப்ரவரியில் வானம் மேகமில்லாமல் தெளிந்திருக்கும் இரவுகளில்தான் அக்கரப்பத்தனை, டயகமப் பக்கம் துகள் உறைபனி விழும். விடிந்து பார்த்தால் தேயிலைக் கொழுந்து கருகியிருக்கும். அப்படியோர் இரவில் லயக் காம்பராவுக்குள் கம்பளியை இழுத்துப் போர்த்திக் கிடப்பவருக்கு, இந்தக் காற்றைச் சூடாக்க ஒரு கட்டு விறகாவது எரிக்க வேண்டும் என்றுதான் தோன்றும். கணக்கோ வேறு விடை சொல்கிறது.

பழைய லயத்துக் காம்பராவை 12 அடிக்கு 10 அடி என்று எடுத்துக்கொள்வோம். அதாவது 3.6 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம். உயரம் சராசரியாக 3 மீற்றர். உள்ளே இருப்பது 32 கனமீற்றர் காற்று. கொழும்பில் ஒரு கனமீற்றர் காற்றின் நிறை 1.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1500 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அது 1.03 கிலோ அளவில்தான் இருக்கும். ஆக, காம்பரா முழுவதிலும் 33 கிலோ காற்று. ஒரு கிலோ காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ ஒரு கிலோஜூல் போதும். 10 பாகை செல்சியஸிலிருந்து 20 பாகைக்குக் கொண்டுவர 33 × 10 = 330 கிலோஜூல்.

ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைக்கவும் இதே அளவு வெப்பம்தான் வேண்டும். (இந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும்.) விறகில் சொன்னால், வெப்பம் சிதறாமல் முழுவதும் காற்றுக்கே போனால், நன்றாகக் காய்ந்த மிலாறு 22 கிராம் போதும். கட்டைவிரல் பருமன், அரைச் சாண் நீளத்தில் ஒரு துண்டு.

அப்படியானால் அடுப்பு எரிந்து அணைந்த அரை மணியில் காம்பரா ஏன் சில்லிட்டுப் போகிறது? தலைக்கு மேலே பார்க்க வேண்டும். தகரத்துக்கு வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றல் அனேகமாக இல்லை. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால், ஒரு சதுரமீற்றர் தகரம் 7 வாட் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். சரிந்த கூரை 12 சதுரமீற்றர், வித்தியாசம் 10 பாகை என்றால் 840 வாட். காற்றுக்கு நாம் கொடுத்த 330 கிலோஜூலும் ஏழு நிமிடத்துக்குள் கூரையோடு போய்விடும். தெளிந்த வானம் இதை இன்னும் மோசமாக்கும். தகரம் தன் வெப்பத்தை நேரே வானத்துக்குக் கதிர்வீசி, வெளிக்காற்றையும் விடக் குளிர்ந்துவிடும். கொழுந்தில் உறைபனி படிவதும் இதே காரணத்தால்தான். விடியற்காலையில் தகரத்தின் உட்புறம் வரிசையாகத் தொங்கி, படுக்கையில் சொட்டும் நீர்த்துளிகள் நம் மூச்சிலும் கேத்தல் ஆவியிலும் இருந்த ஈரம்.

அடுத்தது சுவர். ஒரு பக்கத்துக் கருங்கல் சுவர், ஓர் அடி கனம் என்றால் 7 தொன்னுக்கு மேல் வரும். அதை ஒரு பாகை சூடாக்கச் சுமார் 6000 கிலோஜூல் வேண்டும். காம்பராக் காற்று முழுவதற்கும் ஒரு பாகைக்கு 33 தான். மாலையில் மூட்டிய அடுப்பின் சூட்டில் பெரும்பங்கைச் சுவர் விழுங்கிக்கொண்டு, இரவில் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கிறது. கடைசிக் காம்பராக்காரர்களுக்குக் குளிர் கூடுதல் என்பதும் இதனால்தான்: நடுக் காம்பராவுக்கு இரு பக்கமும் அண்டை வீட்டுச் சூடு உண்டு, கடைசிக் காம்பராவுக்கு ஒரு பக்கம் வெறும் பனிக்காற்று.

இந்தக் கணக்கில் நான் முக்கியமாகக் கருதுவது சன்னலைப் பற்றியது. குளிருக்குப் பயந்து இடுக்கெல்லாம் துணியும் கடதாசியும் திணித்து அடைப்பது நம்மிடையே வழக்கம். மணிக்கு ஒருமுறை காம்பராக் காற்று முழுவதும் மாறினாலும் இழப்பது அதே 330 கிலோஜூல்தான், அதாவது 92 வாட். கூரையில் போவதில் ஒன்பதில் ஒரு பங்கு. அந்தச் சிறு இலாபத்துக்காகக் காற்றை அடைத்துவிட்டுத் தணல் சட்டியை உள்ளே வைத்துத் தூங்குவது உயிருக்கு ஆபத்து. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது.

அடைக்க வேண்டியது கூரையைத்தான். தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்தால் இடையில் அசையாத காற்று ஒரு படலமாக நிற்கும். அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. கூரை இழப்பு ஏறத்தாழ பாதியாகும். தூங்கும் பெரியவர் ஒருவர் 70 வாட் அளவுக்கு வெப்பம் விடுகிறார். ஐந்து பேர் படுத்தால் 350 வாட். சீலிங் உள்ள கூரை வழியே போவதை அந்த உடம்புச் சூடே அனேகமாக ஈடுகட்டிவிடும்.

இந்திய உதவியோடு தோட்டங்களில் எழும் தனி வீடுகள் 550 சதுர அடி. லயத்திலிருந்து விடுபட்டுச் சொந்த முற்றத்துக்கு வருவது பெரிய காரியம். ஆனால் தனி வீட்டுக்கு நான்கு பக்கமும் வெளிச்சுவர், தலைக்கு மேல் 50 சதுரமீற்றருக்குக் குறையாத கூரை. வெறுந்தகரம் போட்டால் பத்துப் பாகை வித்தியாசத்தில் 3500 வாட் போகும். முழு வீட்டுக்கும் கையில் காசு இல்லையென்றால், பிள்ளைகள் படுக்கும் அறைக்கு மட்டுமாவது முதலில் சீலிங் அடிக்கலாம். அதற்குப் பத்துச் சதுரமீற்றர் பலகை போதும்.