நிறம் நீங்கினால் நீர் தூய்மையாகுமா?

கரி எங்கள் விருதுநகர் மாவட்டத்தினருக்குப் புதிதன்று. கருமருந்தில் ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது சிவகாசி வட்டாரம் நன்கறிந்த கணக்கு. சீமைக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்குவது இங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. சாயக் கழிவுநீரின் நிறத்தை நீக்கவும் கரி உதவும்.

ஆனால், மூட்டக்கரியை அப்படியே நீரில் இடுவதால் பெரும் பயனில்லை. தேங்காய்ச் சிரட்டைக் கரியையோ மரக்கரியையோ 800 பாகை செல்சியஸுக்கு மேல் நீராவியில் சூடாக்கினால், அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. இதுவே கிளர்வுற்ற கரி. இதன் ஒரு கிராமின் உட்பரப்பு 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை இருக்கும். சாய மூலக்கூறுகள் அப்பரப்பில் ஒட்டிக்கொள்ள, நீர் தெளிகிறது.

இங்குதான் எச்சரிக்கை தேவை. கரி நிறத்தைப் பிடிக்குமே தவிர, சாயமேற்றும்போது சேர்க்கப்படும் உப்பைப் பிடிக்காது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாக மாறியது. கழிவோடு வந்த உப்பு வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. உப்பைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடுபரவலும் ஆவியாக்கிகளும் வேண்டும்; செலவும் அதிகம்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என் கவலை இதுவே. ஆலை ஏற்க வேண்டிய செலவு பிறர் தலையில் விழுவதைப் பிகு என்ற அறிஞர் 1920-லேயே விளக்கினார். செந்நிறக் கழிவு ஓடினால் ஊர் கேள்வி கேட்கும். நிறம் நீங்கிய உப்புநீரை யார் கேட்பார்? மலிவான பாதித் தீர்வு, குற்றத்தைக் குறைக்காமல் அதன் தடயத்தை மட்டும் அழித்துவிடக்கூடும்.

பயன்படுத்திய கரியிலும் சாயம் அப்படியே இருக்கிறது. அதை மீண்டும் சூடாக்கிப் புதுப்பிக்க வேண்டும். அல்லது பாதுகாப்பாக அப்புறப்படுத்த வேண்டும். சிறு பட்டறை தனியே இதைச் செய்ய இயலாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையமே வழி.

எங்கள் வைப்பாறும் அர்ஜுனா நதியும் கௌசிகா நதியும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பவை. கலக்கும் கழிவை நீர்க்கச் செய்ய அவற்றில் வெள்ளமில்லை. எனவே, வெளியேறும் நீரைக் கண்ணால் பார்த்து மதிப்பிடாமல் அளந்து மதிப்பிட வேண்டும். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த அளவீட்டை ஊர்மக்கள் அறியும்படி அவ்வப்போது வெளியிட்டாலே பாதிப் பிரச்னை தீரும்.