உங்களுக்குத் தெரியுமா? பட்டாளத்துக்குப் புறப்படும் விருதுநகர்ப் பெண்ணுக்கு

★ "பொம்பளப் பிள்ளைக்குப் பட்டாளமா? ஆபத்தாச்சே!" என்று வீட்டில் முதல் குரல் எழும். நம் மாவட்டத்துப் பெண்கள் பட்டாசு மருந்தோடு புழங்கி, சரம் பின்னி, தீப்பெட்டி ஒட்டித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 உயிர்கள் போயின. மகளைப் பயர் ஆபீசுக்கு அனுப்பத் துணிந்த ஊர், ராணுவத்தை மட்டும் ஆபத்து என்று தள்ளுவது நியாயமில்லை.

★ தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தி 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பலர் மலாயாவில் ரப்பர் மரம் சீவிய தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். பிழைக்கப் போன இடத்தில் கூலிக்காரப் பிள்ளைகள் சீருடை போட்டார்கள். லட்சுமியைத் தெரிந்த அளவுக்கு நாம் அவர்களைத் தெரிந்துவைத்திருக்கவில்லை என்பதே எனக்கு வருத்தம்.

★ சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில், மருத்துவம், செவிலியர் பணி தவிர்த்த பிரிவுகளில் பெண்கள் அதிகாரிகளாகச் சேரத் தொடங்கியது 1992-ல். சிப்பாயாகச் சேர வழி திறந்தது 2019-ல்தான். ராணுவக் காவல் பிரிவின் முதல் அணியாக 83 பெண்கள் 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்தார்கள்.

★ எந்தப் படை என்று யோசிக்கும் முன் உயரம் அளக்கும் டேப்பை எடுங்கள். ராணுவக் காவல் பிரிவில் அக்னிவீராக, அதாவது நான்கு ஆண்டுச் சிப்பாயாக, சேரப் பெண்கள் 162 செ.மீ. இருக்க வேண்டும். விமானப்படைக்கு 152 செ.மீ. போதும். அந்தப் பத்து செ.மீ. வித்தியாசம் தெரியாமல் "ஹைட் பத்தல" என்று கனவையே மூட்டை கட்டிய பிள்ளைகள் உண்டு. 155 செ.மீ. பெண்ணுக்கு ராணுவச் சிப்பாய் வேலைதான் எட்டாது. விமானத்தளம் எட்டும்.

★ அடுத்து மார்க் ஷீட். ராணுவக் காவல் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33 வேண்டும். கடற்படையின் எஸ்.எஸ்.ஆர். பிரிவுக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். விமானப்படையிலோ கலை, வணிகவியல் குரூப் எடுத்தவர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் தனியாக 50 சதவீதம் கேட்பார்கள்.

★ ஓட்டம்: 1,600 மீட்டர். 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று. ராணுவத்தில் முதல் தரத்துக்கு ஏழரை நிமிடம், அதாவது சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி. கடற்படைக்கு 8 நிமிடம், சுற்றுக்கு 2 நிமிடம். ராணுவத்தில் 10 அடி நீளம் தாண்டுதலும் 3 அடி உயரம் தாண்டுதலும் சேரும். நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலை ஐந்து மணியே சரி. முதல் வாரமே நேரம் பார்த்து ஓடாதீர்கள். நிற்காமல் நான்கு சுற்று முடிக்கப் பழகிய பிறகு கடிகாரத்தைக் கையில் எடுக்கலாம்.

★ ஓட்டத்தில் ஜெயித்தவர் மருத்துவப் பரிசோதனையில் விழுவது உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் (2019–21) கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். முருங்கைக் கீரை, கேழ்வரகு, நெல்லிக்காய் எல்லாம் நல்லவைதான். அளவு மிகக் குறைந்திருந்தால் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். பச்சை குத்துவதானால் யோசியுங்கள்: முழங்கையின் உட்புறம் முதல் மணிக்கட்டு வரையும் புறங்கையிலும் மட்டுமே பொதுவாக அனுமதி.

★ அக்னிவீர் திருமணமாகாதவர்களுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ராணுவக் காவல் பிரிவின் விதியில் இன்னொரு வரி இருக்கிறது: கணவரை இழந்தவர்கள், விவாகரத்துப் பெற்றவர்கள், சட்டப்படி பிரிந்தவர்கள், குழந்தை இல்லாதவராயின் அவர்களும் விண்ணப்பிக்கலாம். பதினெட்டிலேயே கட்டிக்கொடுத்து, இருபதில் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து, தீப்பெட்டி ஆபீசே கதி என்று உட்கார்ந்திருக்கும் பெண் உங்கள் தெருவிலும் இருக்கலாம். வயது வரம்புக்குள் இருந்தால் இந்த வரியை அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

★ அக்னிவீர் 4 ஆண்டுப் பணி. மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டில் 40,000 ஆகும். அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம். அரசும் அதே அளவு போட, வெளியேறும்போது ஏறத்தாழ 10 லட்சமும் வட்டியும் கிடைக்கும். நிரந்தரமாக நீடிப்பவர்கள் 25 சதவீதம் வரைதான். வீட்டில் பேசும்போது இதை மறைக்காதீர்கள்.

★ அரசு வேலை நிரந்தரமாக வேண்டும் என்பவர்கள் எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் போன்றவற்றைப் பார்க்கலாம். ஊரில் எல்லாவற்றையும் "மிலிட்டரி" என்றுதான் சொல்வோம். இவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. கான்ஸ்டபிள் தேர்வைப் பத்தாம் வகுப்புத் தகுதியில், 2024 முதல் தமிழிலும் எழுதலாம். பெண்களுக்கு உயரம் பொதுவாக 157 செ.மீ. முழுக்கப் பெண்களாலான மத்திய ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 1986-லேயே வந்துவிட்டது.

★ பட்டம் படிக்கும் பெண்கள் சிப்பாய் வேலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பது என் திடமான கருத்து. பெண் அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சி அகாடமி சென்னை பரங்கிமலையில்தான் இருக்கிறது. நமக்கு ஓர் இரவு ரயில் பயணம். என்.சி.சி. 'சி' சான்றிதழ் உள்ளவர்கள் யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லாமலே, விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் கட்டத்தில் தேறினால், ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். கல்லூரியில் சேரும் நாளிலேயே என்.சி.சி. உண்டா என்று கேளுங்கள். செவிலியர் ஆசை உள்ளவர்கள் நீட் மதிப்பெண்ணைக் கொண்டு ராணுவ நர்சிங் கல்லூரிக்கு முயலலாம். படிப்பு முடிந்ததும் லெப்டினன்ட்.

★ புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, கேரளத்துத் தில்னாவோடு தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றினார். 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பியவர்கள் 2025 மே 29-ல் திரும்பினார்கள். படகில் அவர்கள் இருவர் மட்டுமே.

★ கடைசியாக, நம்மூர்ப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல்: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எம். மாரீஸ்வரி', ஆதாரில் 'மாரீஸ்வரி முனியசாமி' என்றிருந்தால் ஆன்லைன் விண்ணப்பத்திலேயே தடங்கல் வரலாம். இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, திருமணமாகாதவர் சான்று மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். வயது வரம்பும் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், படைகளின் அதிகாரபூர்வ இணையதளத்தில் வரும் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். "ஆள் இருக்கு, வாங்கித் தர்றேன்" என்று வருபவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இன்று ராத்திரியே சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.